அண்ணன் பட்டத்துக்கு ஒரு சட்டி ரிசொட்டோ

எனக்கும் என் சகலைக்கும் நடுவில் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே ஒரு பிரச்சினைதான். அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனால் அவர் கட்டியது அக்காவை, நான் கட்டியது தங்கையை. அதனால் அவர் பெரிய மாப்பிள்ளை, நான் சின்ன மாப்பிள்ளை. அவர் என்னைத் "தம்பி" என்பார். நான் அவரை "அண்ணே" என்று கூப்பிட வேண்டும்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்கள் நினைக்கலாம். என் தலையில் முடி போய் வெகு காலமாகிறது. அவருக்கு இன்னும் கருகருவென்று இருக்கிறது. ஒரு வழுக்கைத் தலையன் அவரைப் பார்த்து "வாங்கண்ணே" என்றால், பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் அவரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அதனால் நான் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டேன். "இங்க பாருங்க", "அது வந்து", "என்ன, கிளம்பியாச்சா" என்று சமாளிப்பேன். அவர் முதுகைக் காட்டி நின்றால்தான் கஷ்டம். இருமுவேன்.

எனக்கு வேலை ரெடிமிக்ஸ் பிளாண்டில். லாரியில் உருளை சுற்றிக்கொண்டே போகுமே, அந்தக் கான்கிரீட் கலவை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒரு தகரக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கி எடுத்தால், கலவை கொஞ்சம் சரிந்து உட்காரும். எவ்வளவு சரிகிறது என்பதுதான் கணக்கு. அதற்கு ஸ்லம்ப் என்று பெயர். சரியவே இல்லையென்றால் கெட்டி. ஓடிவிட்டால் தண்ணி. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வெளிநாடு போனோம். ஒரு துறைமுகத்துக்குப் பின்னால் குறுகலான தெருவில் சின்னதாக ஒரு ஓட்டல். மேஜைமேல் காகிதம் விரித்திருந்தார்கள். மெனுவில் படம் இல்லை. அண்ணி, அதாவது சகலையின் மனைவி, பக்கத்து மேஜையைக் கையைக் காட்டி, "அவங்க என்ன சாப்பிடுறாங்களோ அதையே நாலு கொண்டு வரச் சொல்லுங்க" என்றார். அது கடல் உணவு வகையெல்லாம் போட்ட ரிசொட்டோ, இத்தாலிக்காரர்களின் குழைந்த சோறு.

பரிமாறுகிறவர் அகலமான தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, தட்டின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். நடுவில் குவிந்திருந்த சோறு மெதுவாக அலை மாதிரி நகர்ந்து, விளிம்புக்குப் போய், அங்கே நின்றது. ஒரு சொட்டு தண்ணீர் பிரியவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா ஸ்லம்ப்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று என் மனைவி பதறினாள்.

நான் விளக்கினேன். சகலை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "தம்பிக்கு சோத்துத் தட்டைப் பாத்தாலும் சிமென்ட்டுதான் தெரியுது. கொஞ்சம் இறுகட்டும் தம்பி, மேல ரெண்டு மாடி எழுப்பிடலாம்."

சாப்பிட்டோம். இறால் இருந்தது, கணவாய் வளையங்கள் இருந்தன, வாயைத் திறந்த சிப்பிகள் இருந்தன. ஆனால் விஷயம் சோற்றில்தான். வெளியே குழைந்து, உள்ளே ஒரு சின்னக் கடி. கடல் தண்ணீரை யாரோ வெண்ணெயில் வதக்கிய மாதிரி ஒரு ருசி. அக்காவும் தங்கையும் சாப்பிடும்போது பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் தட்டு காலியானதும், கல்யாணம் ஆன நாளிலிருந்து உள்ள உரிமையில் மனைவியின் தட்டுக்கு ஸ்பூனை நீட்டினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டை நகர்த்திக்கொண்டாள்.

"இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. கலவைப் பதம்தான். நானே செய்வேன்" என்றேன்.

"யாரு, நீங்களா?" என்றாள் மனைவி. "வெந்நீர் வைக்கச் சொன்னா பாத்திரத்தைத் தீச்சவரு."

"அடேயப்பா!" என்றார் சகலை. "தம்பி, இதே மாதிரி நீங்க செஞ்சு காட்டுங்க. அன்னையிலேர்ந்து நான் உங்களை அண்ணேன்னு கூப்பிடுறேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். "நிஜமாவா?"

"நிஜமா. ஆனா தோத்துட்டீங்கன்னா, நான் உங்க பிளாண்டுக்கு வரும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, லாரி டிரைவருங்க எல்லாரும் கேக்கற மாதிரி, 'வாங்கண்ணே'ன்னு சொல்லணும். இருமல் எல்லாம் செல்லாது."

இருமலைக் கவனித்திருக்கிறார்! அவர் குளியலறை டைல்ஸ் வியாபாரம் செய்கிறார். வீடு கட்டுகிறவர்களைப் பிடிக்க அடிக்கடி எங்கள் பிளாண்டுக்கு வருவார். அந்த வாசலில் நின்று அண்ணே என்பதா? அங்கே எனக்கு இருக்கிற மரியாதை என்ன?

"யாரு தீர்ப்பு சொல்றது?" என்றேன்.

"நாங்கதான்" என்று அக்காவும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள். தட்டில் ரொட்டித் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்.

ஊருக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். பெரிய கடையில் வெளிநாட்டுச் சாமான் அடுக்கில் அந்தக் குட்டையான உருண்டை அரிசி கிடைத்தது. மீன் கடையில் இறாலும் கணவாயும் சிப்பியும் வாங்கிவிட்டு, "இறால் தலையும் ஓடும் தனியா குடுங்க" என்று கேட்டேன். அதை வேகவைத்த தண்ணீரில்தான் சோறு வேக வேண்டும்.

"எத்தனை பூனை வச்சிருக்கீங்க?" என்றார் மீன்காரர்.

"பூனை இல்லீங்க. நான்தான் சாப்பிடப் போறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இன்னும் ரெண்டு கை தலைகளை அள்ளிப் போட்டார். காசு வாங்கவில்லை.

முதல் முறை எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவினேன். ஊறவைத்தேன். அரிசிக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து, மொத்தமாக ஊற்றி, மூடி வைத்தேன். பொலபொலவென்று உதிரி உதிரியாக ஒரு சோறு வந்தது. தட்டில் குவித்து அடியில் தட்டினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். ஒரு இறால் மட்டும் உருண்டு கீழே விழுந்தது.

மனைவி ஒரு வாய் சாப்பிட்டாள். "நல்ல சோறு. ஆனா அது இல்ல."

அடுத்த முறை தண்ணீரைக் கூட்டினேன். கஞ்சி வந்தது. "காய்ச்சல்காரங்களுக்குக் குடுக்கலாம்" என்றாள். அதற்கடுத்த முறை வெண்ணெயைக் கூட்டினேன். எண்ணெய் தனியாக, சோறு தனியாக நின்றது. பிரிந்து போன கலவையை நான் பிளாண்டில் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே யார் வீட்டுக்கு அனுப்புவது? நாங்கள்தான் சாப்பிட்டோம்.

ஒரு நாள் அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பாத்திரத்தில் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருந்ததைப் பார்த்தேன். அதை வழக்கம்போலத் தொட்டியில் கொட்டினேன். கொட்டின கை அப்படியே நின்றுவிட்டது. அரிசியைச் சேர்த்துப் பிடிக்கிற பசை அதில்தானே போகிறது! சிமென்ட்டைக் கழுவிச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மிச்ச மணலையும் ஜல்லியையும் வைத்து வீடு கட்டப் பார்த்திருக்கிறேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்! அரிசியைக் கழுவவே கூடாது!" என்று கத்தினேன்.

மனைவி ஓடிவந்தாள். "என்னது? கழுவாத அரிசியா? என் அடுப்புலயா? எந்த மூட்டையில கெடந்துச்சோ, எத்தனை கை பட்டுச்சோ!"

"பாக்கெட்ல வந்தது."

"பாக்கெட்ல போட்டவன் கை கழுவினானா, நீங்க பாத்தீங்களா?"

பெரிய சண்டையாகிவிட்டது. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அரிசியைத் தட்டில் பரப்பி அவளே ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அப்புறம் சுத்தமான துண்டில் போட்டு, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைப்பாள். அப்படித் துடைத்த அரிசியை நான் கழுவாமல் போடலாம்.

இன்னொரு சிக்கல் என் கையில் இருந்தது. ரிசொட்டோவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டுமாம். ஒரு கரண்டி ஊற்றிக் கிண்டி, அது வற்றியதும் இன்னொரு கரண்டி. செய்முறையில் இதைப் படித்ததும் எனக்கு உடம்பு கூசியது. என் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. லாரி போய்ச் சேர்ந்த பிறகு, வேலை சுலபமாகட்டும் என்று யாராவது கலவையில் ஒரு வாளி தண்ணீர் சேர்ப்பார்கள். எத்தனை பேரோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்! ஒரு தடவை ரப்பர் குழாயை ஒருவர் கையிலிருந்து பிடுங்கப் போய், சட்டையெல்லாம் நனைந்து வீட்டுக்கு வந்தேன். அந்த நான், கரண்டியைச் சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கை கவிழ மறுக்கிறது.

"ஊத்துங்க. யாரும் பாக்கல" என்றாள் மனைவி.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினேன்.

கிண்டினேன். ஊற்றினேன். கிண்டினேன். ஒரு கட்டத்தில் கரண்டிக்குப் பின்னால் ஒரு கோடு விழுந்து மெதுவாக மூடியது. அடுப்பை அணைத்து, வெண்ணெயைப் போட்டு அடித்து, வதக்கி வைத்திருந்த இறால், கணவாய், சிப்பியைக் கலந்தேன். செய்முறையில் சொன்ன ஒயினுக்குப் பதிலாக இரண்டு சொட்டு எலுமிச்சை. தட்டில் போட்டு அடியில் தட்டினேன். நகர்ந்தது! அலை மாதிரி நகர்ந்து விளிம்பில் போய் நின்றது.

மனைவி சாப்பிட்டாள். பேசவில்லை. நான் ஸ்பூனை நீட்டியதும் தட்டை நகர்த்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவர்களை அழைத்தோம். அவர்கள் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் அரிசியைச் சட்டியில் போட்டேன். அவர்கள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, வீட்டு நலம் விசாரித்து முடிக்கவும் பதம் வரவும் சரியாக இருந்தது.

"ஆச்சு! வாங்க, உக்காருங்க!" என்று அடுக்களையிலிருந்து கத்தினேன்.

"இருக்கட்டும் தம்பி, என்ன அவசரம்?" என்று ஹாலிலிருந்து சகலையின் குரல். "இப்பதானே வந்தோம்."

"இல்ல, உடனே சாப்பிடணும்!"

"காலையில லேட்டாத்தான் சாப்பிட்டோம். பசியே இல்ல."

இது பொய். எல்லோரும் சொல்கிற பொய்தான், நானும் அவர் வீட்டில் இதையே சொல்லியிருக்கிறேன். விருந்துக்குப் போனவன் கூப்பிட்டதும் எழுந்து போய் உட்கார்ந்தால் மானம் போய்விடும். மூன்று தடவையாவது கெஞ்ச வைக்க வேண்டும். மற்ற நாளில் சரி. இந்தச் சோறு கெஞ்சுகிற வரைக்கும் நிற்காதே!

"இறுகுது! கெட்டியாகுது!" என்றேன்.

என் மனைவி எட்டிப் பார்த்து, "கொஞ்சம் சும்மா இருங்க. வந்ததும் வராததுமா சாப்பிடச் சொன்னா, சீக்கிரம் கிளப்பப் பாக்குறோம்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"நீயுமா?" என்றேன்.

இதற்குள் வாசனை ஹாலுக்குப் போய்விட்டது. அண்ணி, "சும்மா, என்ன பண்றீங்கன்னு பாக்க வந்தேன்" என்று உள்ளே வந்தார். ஒரு ஸ்பூனை எடுத்து, "உப்பு பாக்குறேன்" என்று சட்டியிலிருந்தே ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் உப்பு பார்த்தார். என் மனைவியும் ஒரு ஸ்பூனோடு வந்தாள். இரண்டு பேரும் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, பேச்சுமூச்சில்லாமல் உப்பு பார்த்தார்கள்.

ஹாலில் சகலை தனியாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தார். நான் போய் மூன்றாவது தடவை கெஞ்சினேன். "சரி, இவ்வளவு சொல்றீங்க..." என்று எழுந்தார். கை கழுவினார். மெதுவாகத் துடைத்தார். சட்டியில் மிச்சமிருந்ததைச் சுரண்டித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

அவர் தட்டின் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். அசையவில்லை. தட்டைச் சாய்த்தார். அப்படியே நின்றது. இன்னும் சாய்த்தார். பிறகு தட்டைச் சுவர் மாதிரி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இதுல காலண்டர் மாட்ட ஆணி அடிக்கலாம்."

"நாங்க சாப்பிட்டப்போ சரியாத்தான் இருந்துச்சு. அதே ருசி" என்றார் அண்ணி.

"நீ சாப்பிட்டது சட்டியில. அங்க தட்டுலதானே ஓடுச்சு? ஓடலையே!"

"உங்களை யாரு மகாராஜா மாதிரி உக்காந்திருக்கச் சொன்னது?"

"விருந்தாளின்னா அப்படித்தான் உக்காரணும்! நீ பாட்டுக்கு அடுக்களைக்குள்ள பூந்து சட்டியை நக்கிட்டு, தீர்ப்பு வேற சொல்றியா?"

புருஷன் பெண்டாட்டி சண்டையாகிவிட்டது. தீர்ப்பு சொல்கிறவர்கள் ஜெயம் என்கிறார்கள். ஆனால் அவர் ஒப்புக்கொள்ளாமல் ஜெயித்து எனக்கு என்ன லாபம்? அவர் வாயிலிருந்துதானே அந்த வார்த்தை வர வேண்டும்.

"மறுபடியும் செய்யறேன். ஆனா நீங்க அடுப்புப் பக்கத்துல வந்து நிக்கணும்" என்றேன்.

வந்து நின்றார். சும்மா நிற்பானேன் என்று கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். நான் தண்ணீர் ஊற்ற, அவர் கிண்டினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கருகரு முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"கை வலிக்குது தம்பி."

"நிறுத்தினா அடி பிடிக்கும்."

"அப்ப நீங்க கொஞ்சம் கிண்டுங்க."

"நான் ஊத்துறேன்ல? மூலையில விடாதீங்க. அடியோட சேத்து. அப்படித்தான்."

பதம் வந்தது. வெண்ணெய் போட்டு அடித்தோம். தட்டில் போட்டு, அவர் மூக்குக்கு நேரே பிடித்து, அடியில் தட்டினேன். அலை நகர்ந்து விளிம்பில் நின்றது. அவர் நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு ஸ்பூன் நிற்கவே இல்லை. பசியே இல்லாத மனுஷன் கடைசிப் பருக்கைவரை வழித்தார்.

தட்டை வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். "சரி. தோத்துட்டேன்" என்றார். நேராக நின்று, தெளிவாக, "அண்ணே" என்றார்.

எனக்குக் காது குளிர்ந்துபோனது. என் மனைவி கை தட்டினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"அண்ணே. இனிமே நீங்கதான் பெரியவரு."

அவர் முகத்தில் தோற்றவனுடைய வருத்தம் கொஞ்சமும் இல்லை. முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தார். எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துப் பேசினார்.

"சொல்லுங்க மாமா. இல்ல, அதுக்கு முன்னால ஒரு நல்ல சேதி. இன்னையிலேர்ந்து பெரிய மாப்பிள்ளை நான் இல்ல. ஆமா, அண்ணன்தான். ஒரு குழைஞ்ச சோறு செஞ்சு பந்தயத்துல ஜெயிச்சுட்டாரு. வயசுலயும் அவருதானே மூத்தவரு? இத்தனை நாள் நடந்தது தப்பு. உங்க மகளுங்க ரெண்டு பேரும் சாட்சி. பக்கத்துலயே இருக்காரு, குடுக்கறேன்."

போன் என் கைக்கு வந்தது. மறுமுனையில் என் மாமனார். எனக்கு அவர் போன் செய்ததே கிடையாது. எது என்றாலும் பெரிய மாப்பிள்ளையிடம்தான் பேசுவார். எதற்குப் பேசுவார் என்று நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"அப்படியா மாப்ளே? நல்லதாப் போச்சு" என்றார் மாமனார். "நேத்து சொன்னதுதான். மூணு நாளா வயிறு சரியாப் போகல. போனாலும் திருப்தியா இல்ல. எப்படிப் போகுதுன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க."

சொன்னார். வயிற்றை முடித்துவிட்டு முழங்காலுக்கு வந்தார். இடது கால் ஒரு மாதிரி, வலது கால் வேறு மாதிரி. பிறகு மேல்வீட்டுக்காரன் தண்ணீர்த் தொட்டி, அது வழிவது, வழிந்தால் இவர் சுவரில் இறங்குவது, அதற்காக மூத்த மாப்பிள்ளை வந்து அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டியது. பிறகு அவருடைய தம்பிகள் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருப்பது. அதற்கும் மூத்த மாப்பிள்ளைதான் நடுவில் உட்கார வேண்டுமாம்.

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, "தினமும் இப்படியா?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்" என்றார் சகலை. "ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு தடவை. ராத்திரி அடுத்ததுக்கு உங்க நம்பரைக் குடுத்துடறேண்ணே."

"வேணாம். பந்தயம் வெறும் கூப்பிடறதுக்குத்தான்."

"அதெப்படிண்ணே? பட்டத்தை மட்டும் வச்சுக்கிட்டு வேலையைத் தம்பி தலையில கட்டலாமா?"

மனைவியைப் பார்த்தேன். "நீங்கதானே ஆசைப்பட்டீங்க" என்று சட்டியைக் கழுவப் போய்விட்டாள். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போனில் மாமனார், "கேக்குதா மாப்ளே?" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. என் தம்பிங்க ரெண்டு பேரையும் வரச் சொல்றேன். அந்தக் குழைஞ்ச சோறு செஞ்சீங்களாமே, வயித்துக்கு நல்லது. ஒரு தூக்குல கொண்டு வாங்க."

"தூக்குல கொண்டு வர முடியாது மாமா. இறுகிடும்."

"அப்ப இங்க வந்து செய்யுங்க. ஒரு இருபது பேருக்கு."

அவர்கள் கிளம்பும்போதும் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் வாசல்வரை போனேன். சகலை என் தோளைத் தட்டி, "போனை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன், நிதானமாப் பேசிட்டு நாளைக்குக் குடுங்கண்ணே" என்றார். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "வரட்டுமாண்ணே!" என்று கத்தினார்.

"போயிட்டு வா, தம்பி" என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப நன்றாக இருந்தது. அதை இன்னும் கொஞ்ச நேரம் அனுபவித்திருப்பேன். அதற்குள் மாமனார், "யாரு தம்பி? என் தம்பியா? எவன், பெரியவனா சின்னவனா? எதுக்கு வந்தான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.